உறைந்துபோன செயலிகளை எளிதாக மூடுவது எப்படி: அறிகுறி வாரியான பிழை நீக்கும் வழிமுறை

ஒரு செயலி திடீரென்று அசைவற்று நின்றுவிட்டால், அதன் மீது மீண்டும் மீண்டும் சொடுக்குவதும் கைக்கு எட்டிய விசைகளை எல்லாம் அழுத்துவதும்தான் நிலைமையை மோசமாக்குகின்றன. அந்தச் சொடுக்குகள் பல வேளைகளில் தொலைந்துபோவதில்லை. வரிசையில் காத்திருந்து, செயலிக்கு உணர்வு திரும்பியவுடன் ஒன்றன்பின் ஒன்றாக நிறைவேறுகின்றன. 'மாற்றங்களைச் சேமிக்கலாமா' என்ற கேள்விக்கு 'வேண்டாம்' என்ற விடை போய்ச் சேர அப்படிப்பட்ட ஒரு சொடுக்கே போதும். ஆகவே முதலில் கையை எடுத்துவிட்டு, முடங்கியிருப்பது எது என்று பார்க்க வேண்டும். ஒரு சாளரம் மட்டுமா, செயலி முழுவதுமா, திரையை வரையும் பகுதியா, வன்வட்டா, அல்லது கணினியேதானா என்ற கேள்விக்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே மூடும் வழி மாறுகிறது.

'பதிலளிக்கவில்லை' என்ற அறிவிப்பின் பொருளையும் தெரிந்துகொள்வது நல்லது. விசை அழுத்தம், சொடுக்கு, திரையைத் திரும்ப வரையச் சொல்லும் ஆணை ஆகிய அனைத்தையும் விண்டோஸ் ஒவ்வொரு சாளரத்துக்கும் செய்திகளாக அனுப்புகிறது. ஏறத்தாழ 5 விநாடிகளுக்கு அந்தச் செய்திகளை எடுத்துப் பார்க்காத சாளரத்தை அது முடங்கியதாகக் கருதி, அதன் இடத்தில் வெளிறிய நகல் ஒன்றை வைத்து, தலைப்புப் பட்டையில் அந்த அறிவிப்பைச் சேர்க்கிறது. மேக் கணினியில் வண்ணச் சக்கரம் சுழலத் தொடங்குவதும், லினக்ஸின் க்னோம் மேசைத்தளத்தில் 'காத்திருக்கவா, கட்டாயமாக மூடவா' என்ற கேள்வி எழுவதும் இதே காரணத்தால்தான். செயலி பதில் சொல்லவில்லை என்பது மட்டுமே இயங்குதளத்துக்குத் தெரியும். அது செயலற்றுப் போய்விட்டதா, கடும் வேலையில் மூழ்கியிருக்கிறதா என்பதை நாம்தான் கண்டறிய வேண்டும்.

அறிவிப்பு தோன்றுகிறது, ஆனால் கணினி ஏதோ வேலை செய்வதுபோல் இருக்கிறது

பெரிய விரிதாளைத் திறக்கும்போதும், ஆயிரக்கணக்கான படங்களை ஒரே கோப்புறையிலிருந்து ஏற்றும்போதும் இந்த நிலை வரும். பெரும்பாலும் அது தானாகவே சரியாகும். உறுதி செய்துகொள்ள, விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறக்கவும். மேக்கில் ஆக்டிவிட்டி மானிட்டரும் லினக்ஸில் சிஸ்டம் மானிட்டரும் இதே பணியைச் செய்கின்றன. முடங்கிய செயலியின் வரியில் சிபியு, நினைவகம், வட்டு ஆகிய பத்திகளைச் சிறிது நேரம் கவனிக்க வேண்டும்.

வட்டுப் பத்தியிலோ நினைவகப் பத்தியிலோ எண்கள் மாறிக்கொண்டே இருந்தால் செயலி உழைக்கிறது. சேமிக்காத வேலை உள்ளே இருக்குமானால் பொறுத்திருப்பதே சரி. சிபியு எண் மட்டும் ஒரே அளவில் நின்று, மற்ற இரண்டும் அசையாமல் இருந்தால், செயலி முடிவில்லாத சுழலில் சிக்கியிருக்க வாய்ப்புண்டு. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும்: 8 தருக்கச் செயலகங்கள் (விண்டோஸ் தனித்தனிச் செயலகங்களாக எண்ணுபவை) உள்ள கணினியில் ஒரே ஒரு இழை, அதாவது செயலியின் ஒரு தனி வேலை ஓட்டம், முழுமூச்சாகச் சுழன்றாலும் டாஸ்க் மேனேஜர் ஏறத்தாழ 12.5 சதவீதம் என்றுதான் காட்டும். எண் சிறியதாக இருக்கிறதே என்று எண்ணி, செயலி ஓய்வாக இருப்பதாக முடிவு செய்துவிடக் கூடாது.

எல்லாப் பத்திகளிலும் சுழியம் நிற்கிறது என்றால், செயலி வேறு எதற்காகவோ காத்திருக்கிறது. இணைப்பு அறுந்துபோன பிணைய வட்டு, பதில் தராத அச்சுப்பொறி, வேறொரு செயலி பூட்டி வைத்திருக்கும் கோப்பு ஆகியவை வழக்கமான காரணங்கள். டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் அந்தச் செயல்முறையின் (இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின்) மீது வலது சொடுக்கிட்டு 'அனலைஸ் வெயிட் செயின்' என்பதைத் தேர்ந்தால், யார் யாருக்காகக் காத்திருக்கிறார் என்ற சங்கிலியை விண்டோஸே காட்டும். சங்கிலியின் கடைசியில் நிற்கும் துணைச் செயல்முறையை மட்டும் முடித்தாலே முதன்மைச் செயலி எழுந்துகொள்வதும், திறந்திருந்த ஆவணம் அப்படியே தப்பிப்பதும் உண்டு. கட்டாய மூடலுக்கு முன் இதைப் பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. இவ்வளவு பயனுள்ள வசதியைப் பலர் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் செய்தி.

சொடுக்கினால் ஓர் ஒலி மட்டும் வருகிறது, வேறெதுவும் நடக்கவில்லை

இது முடக்கமே அன்று. செயலி ஒரு கேள்விப் பெட்டியைத் திறந்துவைத்து உங்கள் விடைக்காகக் காத்திருக்கிறது. அந்தப் பெட்டி வேறொரு சாளரத்துக்குப் பின்னாலோ, இப்போது இணைக்கப்படாத இரண்டாவது திரையின் பரப்பிலோ மறைந்திருக்கிறது. முதலில் எஸ்கேப் விசையை ஒருமுறை அழுத்திப் பார்க்கவும். பெட்டி மூடிக்கொண்டால் செயலி உடனே இயங்கத் தொடங்கும். இல்லையெனில் ஆல்ட், டேப் விசைகளால் சாளரங்களை ஒவ்வொன்றாக முன்னே கொண்டுவரவும். பெட்டி திரைக்கு வெளியே இருப்பதாகத் தோன்றினால், ஆல்ட் விசையோடு இடைவெளிப் பட்டையை அழுத்தி, வரும் சிறு பட்டியலில் 'மூவ்' என்பதைத் தேர்ந்து, அம்புக்குறி விசைகளால் அதைத் திரைக்குள் இழுத்துவரலாம்.

மூடும் குறியை அழுத்தினாலும் சாளரம் மூடவில்லை

இதுவே முறையான முடக்கம். கட்டாயமாக மூடுவதற்கு முன்பு, திரையில் தெரியும் சேமிக்காத உரையையோ எண்களையோ படமாக எடுத்து வைத்துக்கொள்ளவும். விண்டோஸ் விசையும் பிரிண்ட் ஸ்கிரீன் விசையும் சேர்ந்து வேலை செய்யாவிட்டால் கைப்பேசியால் எடுத்த படமும் போதும். கட்டாய மூடல், சேமித்துக்கொள்ளும் வாய்ப்பைச் செயலிக்குத் தருவதில்லை. மைக்ரோசாஃப்ட் வேர்டு தொடக்க அமைப்பில் 10 நிமிடங்களுக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதியை எழுதுகிறது. கடைசிப் பிரதிக்குப் பின் தட்டச்சு செய்தவை அந்தப் படத்தில் மட்டுமே எஞ்சியிருக்கக்கூடும். அந்த இடைவெளியைச் செயலியின் 'சேவ்' அமைப்புகளில் குறைத்துக்கொள்ளலாம். நாள் முழுவதும் எழுதுபவர்கள் இதை 2 அல்லது 3 நிமிடங்களாக்கிக்கொள்வது நன்று.

விண்டோஸில் முதலில் முயல வேண்டியது ஆல்ட், எஃப் 4 விசைகள். அது மூடும்படி கேட்டுக்கொள்ளும் வேண்டுகோள் என்பதால் செயலிக்குச் சேமிக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதற்கும் அசையாவிட்டால் டாஸ்க் மேனேஜரில் செயலியைத் தேர்ந்து 'எண்ட் டாஸ்க்' தரவும். விண்டோஸ் 11 பயன்படுத்துவோர் இதைவிடச் சுருக்கமான வழியை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளலாம். செட்டிங்ஸில் 'சிஸ்டம்' பகுதிக்குள் உள்ள 'ஃபார் டெவலப்பர்ஸ்' பக்கத்தில் 'எண்ட் டாஸ்க்' என்ற விசைமாற்றி இருக்கிறது. அண்மைய பதிப்புகளில் அந்தப் பக்கம் 'அட்வான்ஸ்டு' என்ற பெயரில் தோன்றுகிறது. அதை இயக்கிவிட்டால், பணிப்பட்டையில் செயலியின் படவுருவை வலது சொடுக்கிட்டதும் வரும் பட்டியலிலேயே கட்டாயமாக மூடும் வசதி சேர்ந்துவிடும். 2023-இல் வந்த இந்த வசதி நிரலாளர்களுக்கான பக்கத்தில் வைக்கப்பட்டிருந்தாலும் எல்லோருக்கும் பயன்படக்கூடியது. கணினி நலமாக இருக்கும்போதே இயக்கி வைத்துக்கொள்ளுமாறு வலியுறுத்திச் சொல்கிறேன்.

பதிலளிக்காத செயலிகள் அனைத்தையும் ஒரே சொடுக்கில் மூடும் குறுக்குவழியை மேசைத்தளத்தில் அமைத்துக்கொள்ளும்படி பல வழிகாட்டிகள் சொல்கின்றன. அது டாஸ்க்கில் (taskkill) என்ற கட்டளையை, 'பதிலளிக்காத நிலை' என்ற வடிகட்டியோடு கட்டாயமாக இயக்குகிறது. கட்டளையின் பெயருக்குப் பின் சாய்வுக்கோடும் கேள்விக்குறியும் இட்டு இயக்கினால் விண்டோஸே அதன் விருப்பங்களை எடுத்துக்காட்டுகளோடு பட்டியலிடும். கட்டளை சரியாகவே வேலை செய்கிறது. ஆயினும் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. மேலே சொன்ன 5 விநாடி அளவுகோலே அந்த வடிகட்டிக்கும் அடிப்படை என்பதால், உண்மையில் முடங்கிய செயலியோடு, பெரிய கோப்பைச் சேமித்துக்கொண்டிருக்கும் செயலியும் சேர்ந்து மாண்டுபோகும்.

மேக்கில் கமாண்ட், ஆப்ஷன், எஸ்கேப் விசைகளைச் சேர்த்து அழுத்தினால் கட்டாயமாக மூடும் பட்டியல் திறக்கும். ஆப்ஷன் விசையை அழுத்தியபடி டாக்கிலுள்ள படவுருவை வலது சொடுக்கிட்டாலும் 'ஃபோர்ஸ் குவிட்' கிடைக்கும். ஃபைண்டர் முடங்கினால் அதே பட்டியலில் அதற்கு 'ரீலாஞ்ச்' என்ற தெரிவு தோன்றும். அது மூடிவிட்டு உடனே மீண்டும் தொடங்குகிறது.

லினக்ஸில் நிலைமை சற்று வேறுபடுகிறது. திரையில் சாளரங்களைக் காட்டும் பழைய முறையான எக்ஸ் 11 அமர்வில் எக்ஸ்கில் (xkill) என்ற சிறு நிரலை இயக்கினால் மவுஸ் குறி மாறிவிடும். அடுத்து எந்தச் சாளரத்தைச் சொடுக்குகிறீர்களோ அது மூடிவிடும். மனம் மாறினால் வலது சொடுக்கிட்டு விலகலாம். விசைப்பலகை அமைப்புகளில் தனிக் குறுக்குவிசை ஒன்றை இதற்கு ஒதுக்கிக்கொள்வது வழக்கம். ஆனால் எக்ஸ்கில் திரைச் சேவையகத்தோடு உள்ள இணைப்பைத்தான் துண்டிக்கிறது. செயல்முறை பின்னணியில் எஞ்சிவிட வாய்ப்புண்டு. மேலும் எக்ஸ் 11-க்கு மாற்றாக வந்த வேலண்ட் அமர்வில் அதன் சொந்தச் சாளரங்களை எக்ஸ்கில் தொடவே இயலாது. லினக்ஸின் மற்றொரு மேசைத்தளமான கேடிஇ பிளாஸ்மாவில் இதற்கென்றே ஒரு குறுக்குவிசை இருக்கிறது: 5-ஆம் பதிப்பில் கண்ட்ரோல், ஆல்ட், எஸ்கேப், 6-ஆம் பதிப்பில் ஆல்ட்டுக்குப் பதிலாக மெட்டா விசை (விண்டோஸ் விசை). மற்ற இடங்களில் சிஸ்டம் மானிட்டரில் 'எண்ட்' என்பதை முதலிலும், 'கில்' என்பதைப் பிறகும் தரவும். முன்னது 15-ஆம் சமிக்ஞையை அனுப்பி, ஒழுங்காக விடைபெறும்படி கேட்கிறது. பின்னது 9-ஆம் சமிக்ஞை, செயலியைக் கேட்காமலே இயங்குதளத்தின் மையமான உட்கரு அதை நீக்கிவிடும்.

முழுத்திரை விளையாட்டு முடங்கி, டாஸ்க் மேனேஜரையே மறைத்துவிடுகிறது

டாஸ்க் மேனேஜர் திறந்திருக்கிறது, ஒலியும் கேட்கிறது, ஆனால் விளையாட்டின் உறைந்த படம் திரையை முழுவதும் மூடியிருக்கிறது. விண்டோஸ், கண்ட்ரோல், டி ஆகிய விசைகளை அழுத்தினால் புதிய மெய்நிகர் மேசைத்தளம் ஒன்று பிறக்கும். அங்கே விளையாட்டுச் சாளரம் இல்லாததால் டாஸ்க் மேனேஜரைத் தடையின்றித் திறந்து அதை முடிக்கலாம். இனிமேல் இந்தத் தொல்லை வராதிருக்க, டாஸ்க் மேனேஜரின் அமைப்புகளில் 'ஆல்வேஸ் ஆன் டாப்' என்பதை இயக்கி வைக்கவும்.

திரை கருத்துப்போய் ஒலி மட்டும் கேட்டால் சந்தேகம் வரைகலை டிரைவர் (திரைக் காட்சியை வரையும் வன்பொருளை இயக்கும் மென்பொருள்) மீது விழ வேண்டும். விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அந்த டிரைவர் மறுதொடக்கம் பெறும்; திரை ஒரு கணம் அணைந்து எரியும், சிறு ஒலி கேட்கும். திறந்திருக்கும் செயலிகள் வழக்கமாக இதனால் மூடுவதில்லை.

உலாவியில் ஒரு தாவல் மட்டும் நின்றுவிட்டது

உலாவி முழுவதையும் முடிக்க வேண்டாம். குரோமும் எட்ஜும் தாவல்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்து இயக்குகின்றன. விண்டோஸில் ஷிஃப்ட், எஸ்கேப் விசைகளை அழுத்தினால் உலாவிக்கே உரிய டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் தவறு செய்யும் தாவலையோ, கூடுதலாகச் சேர்த்த நீட்சியையோ மட்டும் முடித்துவிடலாம். மற்றத் தாவல்களில் பாதி நிரப்பிய படிவங்கள் அப்படியே இருக்கும்.

செயலி மூடிவிட்டது, ஆனால் மீண்டும் திறக்க மறுக்கிறது

'ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது' என்ற செய்தி வந்தாலோ, படவுருவைச் சொடுக்கியும் எதுவும் நிகழாவிட்டாலோ, சாளரம் போய்ச் செயல்முறை மட்டும் பின்னணியில் எஞ்சியிருக்கிறது. டாஸ்க் மேனேஜரின் 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் அதைத் தேடி, 'எண்ட் புராசஸ் ட்ரீ' என்பதைத் தேர்ந்தால் அது தோற்றுவித்த துணைச் செயல்முறைகளும் சேர்ந்து முடியும். லிப்ரெ ஆஃபிஸில் ஆவணம் 'வேறொருவரால் பூட்டப்பட்டுள்ளது' என்று வந்தால், ஆவணம் உள்ள கோப்புறையிலேயே அதன் பெயரோடு கூடிய மறைவான பூட்டுக் கோப்பு ஒன்று எஞ்சியிருக்கும். அந்த ஆவணத்தை வேறு எவரும் திறந்து வைத்திருக்கவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே அதை நீக்க வேண்டும்.

மீண்டும் திறக்கும்போது செயலி மீட்புப் பிரதிகளைக் காட்டினால் அவசரப்பட்டு நிராகரிக்க வேண்டாம். முதலில் அவற்றை வேறு பெயரில் சேமித்துவிட்டு, மூலக் கோப்போடு ஒப்பிட்டு முடிவு செய்யலாம்.

எத்தனை முறை 'எண்ட் டாஸ்க்' தந்தாலும் செயல்முறை முடியவில்லை

இரண்டு நிலைகள் இருக்கின்றன. 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று வந்தால், அந்தச் செயல்முறை நிர்வாகி உரிமையோடு இயங்குகிறது. டாஸ்க் மேனேஜரையும் நிர்வாகியாகத் திறந்து முயல வேண்டும். அதற்குப் பின்னும் மறுப்பே வந்தால், அது விண்டோஸோ நச்சுநிரல் தடுப்பானோ பாதுகாத்து வைத்திருக்கும் செயல்முறையாக இருக்கலாம். அதை வற்புறுத்தி முடிக்க முயல வேண்டாம்.

மற்றொரு நிலை, எந்த எதிர்ப்புச் செய்தியும் வராமல் செயல்முறை அப்படியே நிற்பது. ஒரு வன்பொருளிடம் கேட்ட தரவு வந்து சேராதவரை உட்கருவால் அந்தச் செயல்முறையைக் கலைக்க இயலாது. லினக்ஸில் இத்தகைய செயல்முறையின் நிலை, இடையூறு செய்ய முடியாத உறக்கம் எனக் குறிக்கப்படுகிறது; 9-ஆம் சமிக்ஞைகூட அங்கே எடுபடாமல் காத்து நிற்கும். தீர்வு செயலியிடம் இல்லை, அது எதிர்பார்த்திருக்கும் பொருளிடம் இருக்கிறது. யுஎஸ்பி வட்டில் எழுதிக்கொண்டிருந்தால் அதன் விளக்கு அடங்கும்வரை பார்த்துவிட்டுக் கழற்றவும். பிணைய வட்டானால் இணைப்பை மீட்கவும் அல்லது துண்டிக்கவும். காத்திருப்பு முறிந்த கணமே செயல்முறை தானாக மறையும். உள் வன்வட்டே இப்படி அடிக்கடி பதில் தராமல் நின்றால், செயலியைப் பற்றிய கவலையை விட்டுவிட்டு அன்றே தரவைப் பிரதி எடுத்து வைக்கவும்.

பணிப்பட்டையும் தொடக்கப் பட்டியலும் முடங்கிவிட்டன

டாஸ்க் மேனேஜரில் 'விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர்' என்ற வரியைத் தேர்ந்து 'ரீஸ்டார்ட்' தரவும். மேசைத்தளம் சில நொடிகள் மறைந்து திரும்பும். ஆவணங்கள் திறந்தபடியே இருக்கும்.

மவுஸ் குறி துள்ளித் துள்ளி நகர்கிறது, எல்லாச் செயலிகளும் ஒருசேர மந்தமாகிவிட்டன

நினைவகம் தீர்ந்து, இயங்குதளம் வன்வட்டை நினைவகமாகப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறது. டாஸ்க் மேனேஜர் திறக்கவே நிமிடங்கள் ஆகலாம். ஒருமுறை விசைகளை அழுத்திவிட்டுக் காத்திருக்கவும். திறந்ததும் நினைவகப் பத்தியின் தலைப்பைச் சொடுக்கி, மிகுதியாக உண்ணும் செயலியை முதலில் முடிக்கவும். லினக்ஸில் கண்ட்ரோல், ஆல்ட், எஃப் 3 விசைகளால் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் எழுத்து முனையத்துக்குச் சென்று, பயனர் பெயரும் கடவுச்சொல்லும் தந்து நுழைந்து, அங்கிருந்து முடிக்கலாம். வரைகலைத் திரை நின்றாலும் அந்த முனையம் பெரும்பாலும் வேலை செய்கிறது. உபுண்டு 22.04 முதல் மேசைக்கணினிப் பதிப்பில் நினைவக நெருக்கடியைக் கண்காணித்துத் தானே செயலிகளை மூடும் சேவை ஒன்று இயல்பாகவே இயங்குகிறது. அங்கே ஒரு செயலி அறிவிப்பின்றி மறைந்துபோனால், அதன் காரணம் இந்தச் சேவையாகவும் இருக்கலாம்.

எதுவுமே அசையவில்லை

கேப்ஸ் லாக் விசையை அழுத்தி அதன் விளக்கைப் பார்க்கவும். விளக்கு மாறினால் உட்கரு இன்னும் விசைப்பலகையைக் கேட்கிறது. விண்டோஸில் கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் விசைகளை அழுத்தலாம். அந்தச் சேர்க்கையை எந்தச் செயலியும் இடைமறிக்க இயலாது என்பதால், மற்ற வழிகள் தோற்ற இடத்திலும் அது எடுபடக்கூடும். வரும் திரையில் கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி மின் குறியைச் சொடுக்கினால் அவசர மறுதொடக்கத்துக்கான தெரிவு கிடைக்கும். சேமிக்காதவை போய்விடும் என்ற எச்சரிக்கையோடுதான் அது வரும். மேக்கில் கண்ட்ரோல், கமாண்ட் விசைகளோடு மின் பொத்தானை அழுத்துவது இதற்கு இணையானது.

விளக்கும் மாறவில்லை என்றால் மின் பொத்தானை அழுத்திப் பிடிப்பதுதான் எஞ்சிய வழி. பல கணினிகளில் 4 விநாடிகளிலும், சிலவற்றில் 10 விநாடிகள் வரை பிடித்த பிறகும் மின்சாரம் நிற்கும். அதற்கு முன் வன்வட்டின் விளக்கு மின்னிக்கொண்டிருந்தால், அது அடங்கும்வரை பொறுக்கவும்.

அதே செயலி திரும்பத் திரும்ப முடங்குகிறது

விண்டோஸில் 'ரிலையபிலிட்டி மானிட்டர்' என்று தேடித் திறந்தால், எந்த நாளில் எந்தச் செயலி நின்றது என்பது நாள்வாரியாகத் தெரியும். ஈவென்ட் வியூவரில் செயலி முடக்கங்கள் 1002 என்ற எண்ணில் பதிவாகின்றன. அந்த நாளை ஒட்டி எது புதிதாக நிறுவப்பட்டது என்று பார்க்கவும். பிறகு நீட்சிகள் இல்லாமல் செயலியைத் திறந்து சோதிக்கவும்: வேர்டு, எக்செல் ஆகியவற்றைத் திறக்கும்போது கண்ட்ரோல் விசையையும், ஃபயர்ஃபாக்ஸைத் திறக்கும்போது ஷிஃப்ட் விசையையும் அழுத்திப் பிடித்தால் பாதுகாப்பு முறைக்கான கேள்வி வரும், லிப்ரெ ஆஃபிஸில் உதவிப் பட்டியலிலேயே அதற்கான தெரிவு இருக்கிறது. அந்த முறையில் முடக்கம் வராவிட்டால், நீட்சிகளை ஒவ்வொன்றாக இயக்கிப் பார்த்தால் காரணமானது அகப்பட்டுவிடும். அங்கேயும் முடங்கினால், வேறொரு பயனர் கணக்கில் அதே கோப்பைத் திறந்து பார்க்கவும். அங்கு நன்றாகத் திறந்தால் பழுது உங்கள் கணக்கின் அமைப்புகளில் இருக்கிறது, அங்கும் முடங்கினால் கோப்பையோ செயலியின் நிறுவலையோ சந்தேகிக்க வேண்டும்.